எக்காளம் ஊதப்படாத விடுதலை

தியானப் பகுதி: லேவியராகமம் 25:8–17



டிசம்பர் 31 இரவு நம் ஆலயங்களில் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் காணாத முகங்களையும் அன்றிரவு காண்கிறோம். பன்னிரண்டு மணிக்கு ஆலய மணி ஒலிக்கிறது. ஒருவருக்கொருவர் கைகுலுக்கி, வாக்குத்தத்த அட்டையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறோம். இந்த ஆராதனை மொரேவிய சபையாரிடம் தோன்றி, ஜான் வெஸ்லியின் வழியாக மெதடிஸ்ட் சபைகளுக்குப் பரவி, பின்னர் நம்மிடமும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவின் கறுப்பின மக்களுடைய சபைகளில் இந்த ஆராதனைக்கு மற்றொரு பொருளும் உண்டு. 1862 டிசம்பர் 31 இரவு அவர்கள் ஆலயங்களில் கூடிக் காத்திருந்தார்கள். விடிந்தால் 1863 ஜனவரி 1. அன்றுதான் அதிபர் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரவிருந்தது. அடிமைகளாயிருந்தவர்களும் அடிமைகளின் பிள்ளைகளும் முழங்காலில் நின்று அந்த மணியொலிக்குக் காத்திருந்தார்கள். இன்றும் அவர்களுடைய சபைகளில் அது விடுதலைக்கு முந்திய இரவாகவே நினைவுகூரப்படுகிறது.

இதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 1862 ஜனவரி 1 அன்று, நம் நாட்டில் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 370-ஆம் பிரிவு, ஒரு மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. செங்கல்பட்டு வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த நம் முன்னோருக்கும் அந்தச் சட்டம் உரியதாயிருந்தது. ஆயினும் அந்த நாளை நினைத்து நம் ஆலயங்களில் மணி ஒலித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த ஆண்டு ஜனவரி 1-ஐ நம் சபையில் விடுதலை நாளாகக் கொண்டாடலாம் என்று சேகரக் குழுவில் முன்வைத்தேன். அதற்கு எழுந்த மறுமொழியே இந்த வாரத் தியானத்தை எழுதத் தூண்டியது.

ஒரு மூப்பரின் கேள்வி

ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு மூப்பர் எழுந்து சொன்னார்: “ஐயா, என் தகப்பனார் படியாளாக இருந்தவர். படி அளந்து கொடுத்த கூலியில்தான் எங்களைப் படிக்க வைத்தார். அதை என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. நீங்கள் மைக் வைத்துச் சொல்லப் போகிறீர்களா?”

குழுவில் ஒருவரும் பேசவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியில் கோபத்தைவிட வேதனையே மிகுதியாயிருந்தது.

மார்ட்டின் லூதர் கிங் 1959-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தபோது கேரளத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றார். அங்கு பயின்றவர்களில் பெரும்பாலோர் தீண்டத்தகாதோர் எனப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். தலைமையாசிரியர் அந்தப் பிள்ளைகளிடம் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மற்றொரு தீண்டத்தகாதவர் என்றே அறிமுகம் செய்தார். அந்தச் சொல் முதலில் அவருக்கு அதிர்ச்சியும் வருத்தமும் தந்தது. பிறகு தம் நாட்டில் தம் மக்கள் வாழும் நிலையை எண்ணிப் பார்த்தார். அந்தப் பெயர் தமக்கும் தம் மக்கள் எல்லோருக்கும் பொருந்தும் என்று தமக்குள் ஏற்றுக்கொண்டார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1965-இல், அட்லாண்டாவில் தம் சபையின் பிரசங்க பீடத்திலிருந்து இதை அவரே விவரித்தார். தம்மைச் சுட்ட சொல்லை ஒரு போதகர் தம் சபைக்கு முன்பாக எடுத்து வைத்தார். அந்த அவமானம் சுமத்தியவர்களுடையது, சுமந்தவர்களுடையதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் மூப்பரின் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல, இந்த மண்ணின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கடல் வழியே போனவர்கள்

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே, கல்பாக்கத்தை அடுத்து, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரின் கோட்டை இருக்கிறது. ஞாயிற்றுப்பள்ளிப் பிள்ளைகளைப் பலமுறை அங்கே சுற்றுலா அழைத்துச் சென்றிருக்கிறோம். மெல்லிய துணிகளின் வாணிகத்தைப் பற்றியும் அங்குள்ள பழைய கல்லறைகளைப் பற்றியும் அவர்களுக்குச் சொன்னோம். இக்கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனி இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து மனிதரையும் ஏற்றிச் சென்றது என்பதைச் சொல்லவில்லை.

பஞ்சமும் போரும் வந்த காலங்களிலெல்லாம் அந்த வாணிகம் பெருகியது. பசியால் பிள்ளைகளை விற்றவர்களும், தம்மையே விற்றுக்கொண்டவர்களும், பிடித்துச் செல்லப்பட்டவர்களும் கப்பலேறினார்கள். 1646-இல் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, 2,118 அடிமைகள் அனுப்பப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இக்கரையின் தென்பகுதியைச் சேர்ந்தவர்கள். 1659 முதல் 1661 வரையான பஞ்சக் காலத்தில் தஞ்சைப் பகுதியிலிருந்து மட்டும் எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டுபோகப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அப்படி விற்கப்பட்டவர்களில் சிலர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வரை சென்று சேர்ந்தார்கள். அங்கே பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, ஏதோ ஒரு புதிய பெயரும் அதன் பின்னால் ‘கோரமண்டல்’ என்னும் ஊர்க்குறிப்பும் பதிவேட்டில் எழுதப்பட்டன. ஆப்பிரிக்கரும் மலாயரும் மலகாசியரும் நம் கரையோரும் ஒரே அடிமை விடுதியில் அடைக்கப்பட்டார்கள். கறுப்பின மக்களின் மரபு நமக்குத் தொடர்பில்லாத தூர தேசத்துக் கதை என்று எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த மரபில் நம் கரையின் இரத்தமும் கலந்திருக்கிறது.

கேப் டவுனின் பழமையான சீர்திருத்த ஆலயத்தின் அருகே உள்ள சதுக்கத்தில் 2008-இல் ஓர் நினைவுச்சின்னம் அமைத்தார்கள். பதினொரு கருங்கற்களில் அடிமைகளின் பெயர்களும் அவர்கள் வாழ்வைச் சுட்டும் சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆராதனை நடந்த இடத்துக்கு மிக அருகிலேயே, ஒரு மரத்தடியில், மனிதர் ஏலம் விடப்பட்டனர். போதகனாகிய எனக்கு இதைப் படித்த அன்று நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

சட்டம் வந்தது, செய்தி வரவில்லை

1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிந்தது என்று பாடநூல்கள் கூறுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளும் இலங்கையும் செயிண்ட் ஹெலனா தீவும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தன. செங்கல்பட்டு கம்பெனியின் ஆட்சியில் இருந்தது.

நமக்கான சட்டம் 1843 ஏப்ரல் 7 அன்று வந்தது. அடிமை என்ற காரணத்தால் எவரையும் வரிப் பாக்கிக்காகவோ நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ அரசு அலுவலர் விற்கக்கூடாது. அடிமையின் மீதான உரிமையை நீதிமன்றம் நிலைநாட்டாது. அடிமை என்று சொல்லி ஒருவருடைய உடைமையைப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. இவைதாம் அதன் நான்கு கூறுகள். அடிமைகளை நோக்கி “நீங்கள் விடுதலையானீர்கள்” என்று அது எங்கும் சொல்லவில்லை. அடிமைத்தனத்துக்கு நீதிமன்றம் துணைநிற்காது என்ற அளவில் நின்றுவிட்டது. சேரிக்கு எவரும் வந்து அதை வாசித்துக் காட்டவில்லை. 1862 ஜனவரி 1-இன் செய்தியும் அப்படியே.

செய்தி சேராவிட்டால் விடுதலை எப்படித் தள்ளிப்போகும் என்பதற்கு அமெரிக்காவிலும் சான்று உண்டு. லிங்கனின் பிரகடனம் வெளியாகி இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1865 ஜூன் 19 அன்றுதான், டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் தளபதி கோர்டன் கிரேஞ்சர் விடுதலை ஆணையை வெளியிட்டார். அதுவரை அங்கிருந்த சுமார் இரண்டரை இலட்சம் பேர் அடிமைகளாகவே உழைத்தார்கள். அந்த நாளே இன்று ‘ஜூன்டீன்த்’ என்னும் பெயரில் கொண்டாடப்படுகிறது. 2021 முதல் அது அந்நாட்டின் தேசிய விடுமுறை.

அவர்களுக்கு இரண்டரை ஆண்டுத் தாமதம். நமக்கு?

நிலமில்லாத விடுதலை

1843-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, செங்கல்பட்டின் ஆட்சியராயிருந்த ட்ரெமன்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைக் குறித்து 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். அவர் கண்டது சட்டத்தில் ஒழிந்து வாழ்க்கையில் ஒழியாத அடிமைத்தனம். தரிசு நிலம் கேட்டு ஓர் உழைப்பாளி தர்க்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதாரர் மறுப்புத் தெரிவித்துத் தடுக்க முடிந்தது. குடிசை நின்ற மனையும் மிராசுதாரருக்கே உரியதெனக் கருதப்பட்டதால், எதிர்த்துப் பேசியவர் மறுநாள் வீடிழக்க நேரிடும். சிறு கடனுக்குத் தகப்பன் கட்டுண்டால் மகனும் அதில் கட்டுண்டான். விலங்குகள் தேவைப்படவில்லை, நிலமில்லாமையே விலங்காயிருந்தது.

அக்காலத்தில் செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் ஊழியம் செய்த வெஸ்லியன் சபையின் வில்லியம் கூடி ஆகியோரும் இந்த அநியாயத்தை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த மெல்ரோசாபுரம், நிலமற்ற கிறிஸ்தவ உழவர்களைக் குடியமர்த்த ஆண்ட்ரூ எடுத்த முயற்சியின் பலன். ஆனால் மிஷனெரிகள் எழுதுவதற்கு முன்பே மனுக்களோடு அலைந்தவர்கள் சேரி மக்கள் என்பதை மறக்கக்கூடாது. அவர்கள் கேட்டதைத்தான் மிஷனெரிகளும் எழுதினார்கள்.

அரசாங்கம் ட்ரெமன்ஹீர் கேட்டதில் ஒரு பகுதியையே ஏற்றது. 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறையின் 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. முதல் பத்தாண்டுகள் அதை விற்கக்கூடாது. அதன் பின்னும் தங்கள் வகுப்பினருக்கே அன்றிப் பிறருக்கு மாற்றக்கூடாது என்னும் நிபந்தனை வைக்கப்பட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது இதையே. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு ஒதுக்கப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று யாருடைய கைகளில் இருக்கிறது என்பதை உங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தாலே அறிவீர்கள்.

நூறு ஆண்டுகளுக்குப் பின், இதே மாவட்டத்தின் காரணை கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். முதற்பெயரை மீண்டும் வாசியுங்கள். நம் ஞானஸ்நானப் பதிவேடுகளில் காணும் பெயர் அது. அந்த இருவருக்காகவும் அக்டோபர் மாதத்தில் நம் ஆலயங்களில் எத்தனை பேர் ஜெபிக்கிறோம்?

இங்கே லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஐம்பதாம் ஆண்டு விடுதலையின் ஆண்டு. அதற்கு ஆண்டவர் இரண்டு கட்டளைகளை விதிக்கிறார். முதலாவது, பாவநிவாரண நாளில் தேசமெங்கும் எக்காளம் ஊத வேண்டும். விடுதலை ஓலைச்சுவடியில் ஒளிந்திருந்தால் போதாது. கட்டுண்டவரின் காதில் விழ வேண்டும். இரண்டாவது, ஒவ்வொருவரும் தம் காணியாட்சிக்குத் திரும்ப வேண்டும். மனிதருக்கு விடுதலையும் நிலத்துக்கு மீட்பும் ஒரே நாளில், ஒரே எக்காள ஒலியில். நம் மாவட்டத்தில் எக்காளமும் ஊதப்படவில்லை, காணியாட்சியும் திரும்பவில்லை. நாம் விடுதலை நாளைக் கொண்டாட வேண்டியது ஏன் என்று கேட்டால், இதுவே என் பதில்.

கொண்டாடியவர்களிடம் கற்பது

டெக்சாஸில் விடுதலை பெற்றவர்கள் ஜூன்டீன்த் கொண்டாட விரும்பியபோது பொது இடங்கள் அவர்களுக்குக் கிடைப்பது அரிதாயிருந்தது. 1872-இல் ஹூஸ்டன் நகரத்து அந்தியோகியா பாப்திஸ்து சபையின் போதகர் ஜாக் யேட்ஸும், அடிமைகளாயிருந்த வேறு சில தலைவர்களும், இரண்டு சபைகளின் மக்களிடம் பணம் திரட்டிப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதற்கு விடுதலைப் பூங்கா என்று பெயரிட்டார்கள். அது இன்றும் இருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன் தாங்களே பிறர் உடைமையாயிருந்தவர்கள், கொண்டாடுவதற்கென்று முதலில் ஒரு நிலத்தை உடைமையாக்கிக்கொண்டார்கள்.

நமக்கு அருகே கேரளத்தில் மற்றொரு சான்று. திருவிதாங்கூரில் 1855-இல் அடிமை ஒழிப்புப் பிரகடனம் வெளியானது. பொய்கையில் யோகன்னான் என்பவர், சபைக்குள்ளும் சாதி தொடர்வதைக் கண்டு வெளியேறி, இரவிபேரூரை மையமாகக் கொண்டு தனி இயக்கம் தொடங்கினார். தாயைவிட்டுப் பிள்ளையைப் பிரித்து விற்ற அடிமை நாட்களை அவர் தம் மக்களுக்கு இடைவிடாமல் நினைவூட்டினார். அவ்வியக்கத்தார் அந்தப் பிரகடனத்தின் ஆண்டு நிறைவை இன்றும் கொண்டாடுகிறார்கள். அவர்களுடைய போதனை நம்முடையதன்று. ஆயினும் நாம் சபைக்குள் நினைக்க மறுத்ததை அவர்கள் சபைக்கு வெளியே சென்று நினைத்தார்கள் என்பது நம்மைக் குற்றப்படுத்த வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் நம் மாநிலத்தில் உண்டல்லவா?

மாமல்லபுரத்து மணலில்

மாசி மகப் பௌர்ணமிக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து மாமல்லபுரக் கடற்கரையில் கூடுகிறார்கள். சேலைத் துணியால் கூடாரம் கட்டி மணலில் இரவு தங்கி, தங்கள் கன்னியம்மனை வழிபட்டு, திருமணப் பேச்சுகளையும் முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அது அவர்களுடைய திருவிழா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரோடு விருந்தினனாக அங்கே சென்றேன்.

ஒரு பெரியவர் எங்களைத் தம் கூடாரத்தில் உட்கார வைத்து, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் காட்டினார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அவருக்கு வழங்கப்பட்ட விடுதலைச் சான்றிதழ் அது. முன்பணம் வாங்கிய கடனுக்காக ஓர் அரிசி ஆலையில் குடும்பத்தோடு அடைபட்டிருந்தவர். “அங்க இருந்தப்போ மாசி மகத்துக்குக்கூட விடமாட்டாங்க ஐயா. இப்ப யாரையும் கேக்காம வந்தேன்” என்றார்.

அந்தச் சட்டம் 1976-இல் வந்தது. அதை நினைத்து ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று நம் மாநில அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். கோட்பாடுகள் வழியே நான் செமினரியில் கற்ற விடுதலையை, விரும்பிய நாளில் விரும்பிய கடற்கரைக்கு வருவது என்று அந்தப் பெரியவர் ஒரே சொல்லில் விளக்கிவிட்டார்.

நாம் செய்யக்கூடியவை

ஜனவரி 1-க்கென்று குழுவில் பேசி முடிவு செய்தவற்றை உங்கள் சபைகளும் எண்ணிப் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, டிசம்பர் 31 இரவு ஆராதனையில், மணி ஒலிப்பதற்கு முன், 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்கு கூறுகளையும் எளிய தமிழில் சத்தமாக வாசிப்போம். தாமதமாயினும் அது வாசிக்கப்படட்டும்.

இரண்டாவது, புத்தாண்டு நாளில் ஆலய வளாகத்தில் ஊர்ப் பொது விருந்து. ஒரே பந்தி. இருளர் குடும்பங்களையும் மற்ற மதத்து அயலாரையும் நேரில் போய் அழைப்போம். துண்டுப் பிரசுரம் கொடுத்து அழைப்பது அழைப்பாகாது.

மூன்றாவது, முதியோர் பேசுவார்கள். போதகர்கள் பேசக்கூடாது. பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் என்பதையும் அவர்கள் அன்று அறியட்டும்.

நான்காவது, நம் ஊரின் ‘ஏ’ பதிவேட்டில் பஞ்சமி நிலம் எவ்வளவு என்று குறிக்கப்பட்டிருக்கிறது எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போம். இது கொண்டாட்டத்துக்கு ஏற்றதா என்று சிலர் கேட்டார்கள். யூபிலி ஆண்டின் கட்டளையில் இது பாதி அல்லவா?

கடைசியாக அந்த மூப்பரைப் பற்றி. கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். தேநீர் அருந்தும் வரை வேறு காரியங்களைப் பேசினார். புறப்படும்போது, “சொல்வதானால் நானே சொல்கிறேன் ஐயா. வேறு யார் சொன்னாலும் தப்பாய்ச் சொல்லிவிடுவார்கள். அப்பாவின் படி இன்னும் பரணில் இருக்கிறது, கொண்டுவருகிறேன்” என்றார்.

ஜெபிப்போம்: எகிப்தின் அடிமை வீட்டில் கூக்குரலைக் கேட்ட ஆண்டவரே, எங்கள் முன்னோரின் கூக்குரலையும் நீர் கேட்டீர். நாங்கள் மறந்ததை எங்களுக்கு மன்னியும். இன்னும் ஆலைகளிலும் சூளைகளிலும் கட்டுண்டிருக்கிறவர்களை எங்கள் கண்களுக்கு மறைக்காதேயும். எக்காளத்தை எங்கள் கையில் தந்திருக்கிறீர். ஊதத் துணிவு தாரும். ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்